ஏழில் ஒரு பங்கு

செவல்குளம் டயாலிசிஸ் மையத்தில், வேலை நேரத்தில், ஆக்னஸ் தூங்கிப்போனாள். மூன்று வருடங்களில் அப்படி நடந்ததே இல்லை.

பிறர் உடம்பை உணர்வதுதான் அவள் வேலை. அவள் மணிக்கட்டில் ஒரு பட்டை, நோயாளியின் மணிக்கட்டில் ஒரு பட்டை. இரண்டையும் இணைத்துவிட்டால் அவருக்கு என்ன தெரிகிறதோ அது இவளுக்கும் தெரியும். எலும்புவரை இறங்கும் குளிர், குமட்டல், கெண்டைக்காலைத் துணிபோல முறுக்கிப் பிழியும் இழுப்பு. எல்லாம் முடிந்து ஊசியை எடுத்த பிறகு வரும் அந்தப் பெரிய அசதி.

முன்பெல்லாம் மையங்களின் தரத்தை அறிய நோயாளிகளிடம் கேள்வி கேட்டார்கள். கவனிப்பு எப்படி என்றால் எல்லோரும் ஒன்றுபோல "நல்லாத்தான் கவனிக்காங்க" என்றார்கள். நாளை மறுநாளும் அதே கைதான் ஊசி குத்தப்போகிறது என்னும்போது வேறென்ன சொல்வார்கள்? உடம்புக்கு அந்தத் தயவுதாட்சணியம் கிடையாது. அதனால் பட்டை வந்தது. எல்லா மையத்திலும் எல்லா நோயாளிக்கும் ஒரு பட்டை என்று விதி வந்தது. ஆக்னஸைப் போன்ற உணர்வாளர்கள் ஊர் ஊராகப் போய் ஒவ்வொரு உடம்பாக வாங்கி உணர்ந்து, பட்டை காட்டும் எண்ணையும் வைத்து, நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டார்கள். நாற்பதுக்குக் கீழே விழுந்த மையத்தை மூடி, நோயாளிகளைப் பெரிய ஊருக்கு மாற்றிவிடுவார்கள்.

அந்த வேலை அவளிடமிருந்து நிறைய எடுத்துக்கொண்டிருந்தது. எந்த நோயும் இல்லாத முப்பத்தோரு வயது உடம்பு, மாடிப்படியைக் கண்டால் நின்று யோசித்தது. லாட்ஜ் அறைகளில் தண்ணீர் டம்ளரைத் தூக்க மனமில்லாமல் பார்த்துக்கொண்டே கிடப்பாள். எத்தனையோ பேரின் சாயங்காலங்கள் அவளுக்குள் தேங்கிக் கிடந்தன, வடிய வழியில்லாத மழைத்தண்ணீர்போல.

செவல்குளம் மையத்தின் படியேறியதுமே, முப்பது தேறினால் அதிகம் என்று நினைத்தாள். பேருந்து நிலையத்துக்குப் பின்னால், பழைய கூட்டுறவு வங்கிக் கட்டிடத்தின் மாடி. ஏழு நாற்காலிகள், ஏழு மெஷின்கள். இரண்டு மெஷின்களின் திரையை பிளாஸ்திரி போட்டு ஒட்டியிருந்தார்கள். தண்ணீர் சுத்திகரிக்கும் அறையிலிருந்து புளித்த வாடை வந்தது. ஒரு நாளைக்கு மூன்று ஷிப்ட் ஓட்ட வேண்டும் என்பதால் நான்கு மணி நேர வேலையை மூன்று மணி நேரத்தில் முடித்தார்கள். மூன்று ஷிப்டுக்கும் ஒரே டெக்னீஷியன், இசக்கிராஜ். அவ்வளவு வேகமாக உடம்பிலிருந்து தண்ணீரை இழுத்தால் கால் கதறும். அது அவளுக்குத் தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டுதான் முதல் நாற்காலியில் இருந்த ஆவுடையப்பனின் பட்டையோடு தன்னுடையதை இணைத்தாள்.

ஒன்றும் வரவில்லை. கொஞ்சம் குளிர், கொஞ்சம் தாகம், வெயிலில் நடந்து வந்து உட்கார்ந்ததைப் போல ஒரு லேசான சோர்வு. அந்த லேசில்தான் அவள் தூங்கிப்போனாள்.

"ஆபீசரம்மா, எந்திங்க. ஸ்டாப் வந்துட்டு," என்றார் ஆவுடையப்பன். அரசுப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர். "எங்க ஊரு காத்து அப்படி தாயி. பாவம், எத்தன நாளு தூக்கமோ."

ஆக்னஸ் வாயைத் துடைத்துக்கொண்டாள். "உங்களுக்கு எவ்வளவு தண்ணி எடுத்தாங்க அண்ணாச்சி?"

"மூணரைக் கிலோ. நேத்து பேத்திக்குப் பூப்புனித நீராட்டு. பாயாசத்த வேண்டாம்னா கோவிச்சுக்கிடுவா."

மூன்றரைக் கிலோ, மூன்று மணி நேரத்தில். அந்த உடம்பு கிழிந்த சட்டைபோல வெளியே வந்திருக்க வேண்டும். பட்டையோ எண்பத்தெட்டு என்று காட்டியது.

அப்போதுதான் அவள் வலது கெண்டைக்காலில் ஏதோ சுண்டியது, நூல் இழுத்ததைப் போல. ஆவுடையப்பன் பேசிக்கொண்டே வலது பாதத்தைத் தூக்கி விரல்களை முழங்கால் பக்கமாக மடக்கினார். கால் இழுத்தால் அப்படித்தான் செய்வார்கள். ஆக்னஸ் நிமிர்ந்தாள். எதிர் வரிசையில் நான்கு பாதங்கள் அதே கோணத்தில் தூக்கியிருந்தன. இந்தப் பக்கம் இன்னும் இரண்டு. ஒருவர் மொபைலில் சீரியல் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவர் பாதித் தூக்கத்தில் இருந்தார். ஏழு வலது பாதங்களும், யாரும் யாரையும் பார்க்காமல், தூக்கி, பொறுத்து, ஒன்றாக இறங்கின.

யாரும் டெக்னீஷியனைக் கூப்பிடவில்லை.

*

"கோத்திருக்கோம் மேடம்," என்றான் இசக்கிராஜ். தண்ணீர் அறையில், ஒழுகும் குழாய்க்குக் கீழே வாளியை மாற்றிக்கொண்டே சொன்னான். மறைக்க முயலவில்லை. மறைக்கிற தெம்பு அவனிடம் இருப்பதாகவும் தெரியவில்லை.

"எதைக் கோத்திருக்கீங்க?"

"பட்டையத்தான். நீங்க இணைக்கது ஒருபக்கமா. அவருக்கு உள்ளது உங்களுக்கு ஒரு காப்பி வரும், அவரு வலி அவருக்குக் கொறையாது. ரெண்டு பக்கமும் இணைச்சா காப்பி ஆவாது, பாதி பாதியாப் பிரிஞ்சிரும். போன வருசம் இங்க பட்டை வந்த புதுசுல நான் தெரியாம மாத்திக் கோத்துட்டேன். ரெண்டு பேருக்கும் அன்னிக்கு நோவே இல்ல. அதுக்கப்புறம் ஏழு பேரையும் வட்டமாக் கோத்துட்டோம்."

"அப்ப ஒருத்தர் கால் இழுத்தா..."

"ஏழுல ஒரு பங்கு. ஆளுக்குக் கொஞ்சம்." அவன் கையை உதறினான். "என்ன மேடம் தப்பு? அவங்க வலி, அவங்க பிரிச்சுக்கிடுதாங்க. நான் மெஷின் மாத்திக் கேட்டுக் கேட்டு அலுத்துட்டேன். மார்க்கு எண்பதுக்கு மேல வருது, எதுக்கு மாத்தணும்ங்காங்க. மார்க்கு கொறஞ்சா மையத்தையே மூடிருவாங்க. அப்புறம் இவங்க வாரத்துல மூணு நாளு தூத்துக்குடிக்குல்லா போவணும். திரும்பி வரையில பஸ்ல வாந்தி எடுத்துக்கிட்டு."

ஆக்னஸ் கண்டதிலேயே நல்ல கவனிப்பு இதுவாகவும் இருக்கலாம் என்றுகூட ஒரு கணம் பட்டது. முன்பின் உறவில்லாத ஏழு பேர், ஒரு வலியைச் சோறுபோலப் பிரித்து உண்கிறார்கள். மாலை லாட்ஜுக்குப் போனால் இன்று டம்ளரைத் தூக்கிவிட முடியும்.

படியிறங்கும்போது பின்னாலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். கோமதி. ஜன்னலோரத்து நாற்காலிக்காரி. நாற்பதைத் தாண்டியவள், இட்லி மாவுக் கடை வைத்திருப்பவள். ஊசிக் கையைச் சேலைத் தலைப்பால் மூடியிருந்தாள்.

"மேடம், ஒங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். என்னைய மட்டும் பிரிச்சுவிடச் சொல்லுங்க."

"ஏன்?"

"சுல்தான் பாய்னு ஒருத்தரு இருந்தாரு. ஆவுடையப்பண்ணாச்சிக்கு அடுத்த நாற்காலி. ஆடி மாசம் ஒருநாளு எங்க எல்லாருக்கும் நெஞ்சுக்குள்ள லேசா ஒரு அடைப்பு. வாயுன்னு நெனைச்சோம். ஏழு பேரும் மாத்தி மாத்தி ஏப்பம் விடுதோம், ஒரே சிரிப்பு. காலையில எவன் வீட்டுல மொச்சைக்கொட்டைன்னு அண்ணாச்சி கேலி பண்ணுதாரு. பாயும்தான் சிரிச்சாரு. ஆளுக்கு ஒரு வாய் சீரகத்தண்ணி குடுன்னு இசக்கிகிட்ட கேட்டோம்." அவள் சேலைத் தலைப்பை இழுத்துவிட்டாள். "அப்புறம் பாய் சிரிக்கல. எங்களுக்கு அடைப்பு விட்டுட்டு. சரியாப்போச்சுன்னுதான் மேடம் நாங்க நெனைச்சோம்."

கீழே பேருந்து ஒன்று பின்னோக்கி வர, நடத்துனர் விசிலடித்துக்கொண்டிருந்தார்.

"மெஷின் கத்தலையா?"

"அது என்னைக்குக் கத்தாம இருந்துச்சு? இசக்கி பட்டையப் பாத்தான். நல்ல மார்க்கு காட்டுச்சு."

"அதுக்கப்புறமும் கோத்துட்டுத்தான் இருக்கீங்களா?"

"நாலு நாளு பிரிச்சுப் போட்டோம். தாங்க முடியல. திரும்பக் கோத்துட்டாங்க. எனக்கு எங்கம்மா வழியில இருதயக் கோளாறு இருக்கு. போன மாசத்துல இருந்து மாவு மெஷின் போட்டாலே மூச்சு வாங்குது. நான் விலகிக்கிடுதேன்னா விடமாட்டேங்காங்க. நீ போனா ஆறு பேரு, எங்களுக்குப் பாரம் கூடும், ஒன் மார்க்கும் தனியாக் கீழ நிக்கும்ங்காங்க. அவங்க சொல்லுததும் வாஸ்தவம்தான்." கோமதி கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். "ஆனா எனக்கு வலிச்சா எனக்குத் தெரியணும்லா மேடம். என் வலி எனக்கு வேணும்."

*

அடுத்த முறை அந்த ஷிப்ட் கூடியபோது, எல்லோரையும் பிரித்துவிட்டுத்தான் மதிப்பெடுப்பேன் என்று ஆக்னஸ் சொன்னாள். ஆவுடையப்பனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஒங்களுக்கென்ன தாயி, ஒருநாளு கூத்து. பட்டையக் கழட்டிட்டு சென்னைக்கு ரயிலேறிருவீக. மையத்த மூடுனா நாங்கல்லா நாய் படாதபாடு படணும்." பிறகு ஜன்னல் பக்கம் திரும்பினார். "ஏ கோமதி, நீதான வத்தி வச்சது?"

"ஆமா அண்ணாச்சி, நான்தான்," என்றாள் கோமதி. "பாய் சாவும்போது ஏப்பம் விட்ட மாதிரி, எனக்கும் ஏப்பம் விட்டு அனுப்பிருவீக."

இசக்கிராஜ் ஒவ்வொரு நாற்காலியாகப் போய்ப் பிரித்துவிட்டான். ஆக்னஸ் தன் பட்டையைக் கோமதியோடு இணைத்தாள்.

ஒரு மணி நேரத்துக்குள் அந்த அறையின் சத்தமே மாறிவிட்டது. "இசக்கி, கால்!" என்று ஒரு மூலையிலிருந்து. "இசக்கி, பக்கெட்டு!" என்று இன்னொரு மூலையிலிருந்து. மாதக்கணக்கில் யாரும் கூப்பிடாத பெயரை ஆறு பேரும் கூப்பிட்டார்கள். அவன் ஒரு பாதத்தை அழுத்திப் பிடித்திருக்கும்போதே அடுத்த குரல் வந்தது. ஆவுடையப்பன் நாற்காலியின் கையைக் கடித்துக்கொண்டிருந்தார். வாயை எடுத்தபோது, "மறந்தே போச்சுவே, இது இப்படித்தான் இருக்கும்னு," என்று பொதுவாகச் சொன்னார்.

ஆக்னஸுக்கு முதலில் குளிர் வந்தது. பிறகு தாகம், உள்நாக்கில் மணல் ஒட்டியதுபோல. பிறகு கால்கள். அவளுக்குப் பழக்கமான வரிசைதான். மூன்றாவது மணி நேரம் தொடங்கிக் கொஞ்சம் கழித்து, நடுநெஞ்சுக்குப் பின்னால், ஈரத்துணி மூட்டை ஒன்றை யாரோ மெல்ல இறக்கி வைத்தார்கள். மூட்டை அசையவில்லை. இடது தாடையில் ஒரு கூச்சம் ஏறியது.

கோமதி கண்ணை விரித்து அவளைப் பார்த்தாள்.

"மேடம், இது என்னோடதா?"

"உங்களோடதுதான்," என்றாள் ஆக்னஸ். பேச மூச்சுப் போதவில்லை. "முழுசா உங்களோடது. இசக்கி! மெஷினை நிறுத்துங்க. நெஞ்சு!"

அவன் ஓடிவந்த வேகத்தில் ஸ்டூல் உருண்டது. தண்ணீர் இழுப்பதை நிறுத்தினான், நாற்காலியைச் சாய்த்துத் தட்டையாக்கினான், ரத்தத்தைத் திருப்பி ஏற்றினான். ஆம்புலன்ஸ் வரும்வரை ஆக்னஸ் பட்டையைக் கழற்றவில்லை. கழற்றினால் கோமதி அங்கே தனியாக இருப்பாள் என்று தோன்றியது. ஸ்டிரெச்சர் படியில் இறங்கி, தூரம் கூடிக்கூடி, பேருந்து நிலைய வாசலில் இணைப்பு அறுந்தபோது நெஞ்சிலிருந்து மூட்டை சட்டென்று காணாமல் போனது. பிழைத்தாளா இல்லையா என்பது அந்த வெறுமையிலிருந்து தெரியவில்லை.

பிழைத்தாள். தூத்துக்குடியில் ரத்தக்குழாய் அடைப்பை எடுத்துவிட்டார்கள். இன்னும் கால் மணி நேரம் போயிருந்தால் என்று அங்கிருந்த டாக்டர் தொடங்கிவிட்டு முடிக்கவில்லையாம்.

ஆக்னஸ் எல்லாவற்றையும் அறிக்கையில் எழுதினாள். மெஷின்கள், தண்ணீர் அறை, ஒற்றை ஆள், அவசர அவசரமாக ஓட்டும் ஷிப்ட். பட்டைகளைக் கோத்ததையும், கோத்ததால் ஒருவர் இறந்ததையும் எழுதினாள். மதிப்பெண் இருபத்தொன்பது. மூட வேண்டாம், சரிசெய்ய வேண்டும் என்று கடைசியில் சேர்த்தாள். அப்படிச் சேர்க்க அவளுக்கு அதிகாரம் இல்லை.

*

சில வாரங்கள் கழித்து, சென்னையிலிருந்து மேலதிகாரி வரதன் கூப்பிட்டார். குரலில் ஒரு குஷி.

"ஆக்னஸ், உங்க ரிப்போர்ட் மேல வரைக்கும் போயிருக்கு. எல்லாரும் ரொம்ப பாராட்டுறாங்க."

"மெஷின் மாத்துறாங்களா சார்?"

"மெஷின் எதுக்கு? மையத்தையும் மூடல. அந்தக் கோக்குற ஐடியா இருக்கே, அதைத்தான் எடுத்திருக்காங்க. எல்லா மையத்துக்கும் கொண்டு வராங்க. புதுப் பட்டை. கையில போட்டதும் தானாவே கோத்துக்கும், மார்க்கையும் தானே அனுப்பிடும். ஒரு பைசா செலவில்லாம மாநிலம் முழுக்க எண்பதுக்கு மேல."

"சார், அதனால ஒருத்தர் செத்துப்போனார்னு எழுதியிருந்தேனே. ரெண்டாவது ஆள் தப்பிச்சதே..."

"படிச்சோம்மா. அது தனி கேஸ். சராசரியைப் பாருங்க." காகிதம் புரளும் சத்தம். "உணர்வாளர் வேலையும் இனிமே தேவைப்படாது. கடைசியா ஒரு தடவை செவல்குளம் போய், எல்லாரும் பட்டை போட்டிருக்காங்களான்னு பார்த்து எழுதிட்டு, உங்க பட்டையை கூரியர்ல அனுப்பிடுங்க. நீங்களும் பாவம், ரொம்ப டயர்டா இருப்பீங்க. நல்லா ரெஸ்ட் எடுங்க."

மூன்று வருடத்தில் அந்த அலுவலகத்திலிருந்து யாரும் அவளிடம் அப்படிச் சொன்னதில்லை. அவளுக்கு அழுகை வந்தது. எதற்கு என்று பிரித்துப் பார்க்கச் சோம்பலாக இருந்தது.

செவல்குளத்துக்கு அவள் பட்டை போடாமல்தான் போனாள். அது பைக்குள் கிடந்தது. மாடியில் அதே புளித்த வாடை. சுல்தான் பாயின் நாற்காலியில் வந்து சேர்ந்திருந்த புது ஆளையும் சேர்த்து ஏழு பேர். புதுப் பட்டைகள் வெள்ளையாகப் பளபளத்தன. ஏழும் நாடித்துடிப்புள்ள கைகளில் இருக்க வேண்டும், ஒன்று குறைந்தாலும் அந்த ஷிப்ட் கணக்கில் வராது என்று உத்தரவில் இருந்தது.

ஜன்னலோரத்தில் கோமதி இருந்தாள். மெலிந்திருந்தாள். இரண்டு மணிக்கட்டுகளும் வெறுமையாக இருந்தன. ஆக்னஸ் பார்ப்பதைக் கண்டதும் கையைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"அங்க என்ன தேடுதீக தாயி? இங்க பாருங்க," என்றார் ஆவுடையப்பன்.

இசக்கிராஜ் கையுறையைக் கொஞ்சம் மடக்கிக் காட்டினான். ஏழாவது பட்டை அவன் கையில் இருந்தது.

"கோமதி வந்த அன்னைக்கே இவ கையில பட்டை போடக் கூடாதுன்னுட்டோம். நான்தான் மொதல்ல சொன்னேன், நம்பாட்டி போங்க," என்றார் ஆவுடையப்பன். "எண்ணிக்கைக்கு ஆளு வேணும்லா? இவன் மாட்டிக்கிட்டான். மாட்டுன கொஞ்ச நேரத்துல எங்க ஆறு பேருக்கும் கண்ணு சொருகுது, இடுப்பு விட்டுப்போச்சு, குதிகாலு ரெண்டும் எரியுது. இதென்னடா புது நோவுன்னு பதறிட்டோம். பாத்தா, இவன் அசதி! எலே, மனுசனாடா நீ, இத வச்சுக்கிட்டா மூணு ஷிப்டும் நிக்கன்னு கேட்டேன். பல்லக் காட்டுதான்."

"அண்ணாச்சி, போதும்," என்றான் இசக்கிராஜ்.

"என்ன போதும்? இன்னொரு ஆளு போடுன்னு ஆறு பேரும் கலெக்டர் ஆபீசு வாசல்ல போயி உக்காந்துட்டு வந்தோம். பாப்போம்னாக."

ஆக்னஸ் மொபைலை எடுத்தாள். நோயாளிகள் அனைவரும் பட்டை அணிந்திருக்கிறார்களா என்ற கேள்விக்குக் கீழே ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள் இருந்தன. அவள் இரண்டையும் தொடவில்லை. குறிப்புக்கான இடத்தில், ஏழு பட்டை, ஏழு கை என்று எழுதி அனுப்பினாள். யாரும் படிக்கப்போவதில்லை. சராசரியை மட்டும் பார்ப்பார்கள்.

அப்போது கோமதி முனகினாள். பிறகு முனகல் அலறலாகியது.

"இசக்கி!"

அவன் ஓடினான். மற்ற ஆறு நாற்காலிகளிலும் பாதங்கள் அசையவில்லை. எல்லோரும் தலையைத் தூக்கி ஜன்னல் பக்கம் பார்த்தார்கள். "மெதுவா ஓடுலே, எங்களுக்கு மூச்சு வாங்குது," என்றார் ஆவுடையப்பன், உண்மையாகவே இரைத்துக்கொண்டு.

ஆக்னஸ் கோமதியின் பக்கத்தில் மண்டியிட்டாள். அந்த முகம் வியர்த்து, கோணி, பல் கிட்டியிருந்தது. உள்ளே என்ன நடக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. தன் உடம்பில் எதுவுமே இல்லை, காலி வீட்டில் நிற்பதைப் போல இருந்தது. இத்தனை வருடத்தில் முதல் தடவையாக, ஒரு நோயாளியிடம் அவள் வாய்விட்டுக் கேட்க வேண்டியிருந்தது.

"எங்கே வலிக்குது கோமதி? சொல்லுங்க, எங்கே?"

கோமதி கண்ணை மூடி, கொஞ்ச நேரம் தனக்குள் தேடிப் பார்த்தாள்.

"காலுதான் மேடம்," என்றாள். "நெஞ்சு இல்ல. காலு மட்டும்தான்."